எலியை உள்ளே வைத்து அடைத்தேன்

எலி வந்துவிட்டது என்று யாராவது என்னிடம் வந்து புலம்பினால் எனக்கு எரிச்சல்தான் வரும். எலி வேறு எங்கே போகும்? கார்த்திகையில் வயல் முழுக்கத் தண்ணீர். வரப்புப் பொந்தெல்லாம் முங்கிப்போகிறது. அதற்கும் குட்டிகள் உண்டு. ஈரமில்லாத இடம், சூடான இடம், தீனி கிடக்கிற இடம் தேடி வருகிறது. நம் வீட்டில் மூன்றும் இருக்கிறது. வழியையும் நாம்தான் விட்டிருக்கிறோம். பிறகு எலியைத் திட்டி என்ன பிரயோஜனம்?

வழியை அடைக்க வேண்டும். எதைக்கொண்டு அடைப்பது, அதற்கு முன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இது சும்மா வந்த அறிவு இல்லை. என் மகளின் இடது குதிகாலில் அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. வலது கை மோதிரவிரலில் இன்னொன்று. முதலாவதற்கு எங்கள் வீட்டு வழக்கம் காரணம். இரண்டாவதற்கு நான் காரணம்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மெட்ராஸோடு சேர்ந்தது. அடுத்த மாசம், கார்த்திகைக் கடைசியில், எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தாள். பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். தோவாளைக்குத் தெற்கே, வயலை ஒட்டிய ஓட்டு வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் நேரே வரப்புதான். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் அண்ணனும் அவன் மனைவியும் மட்டும். அவளை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் மார்த்தாண்டத்துப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு அரைஞாண் கட்ட அவரும் மாமியாரும் வருவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டில் பிள்ளை பெறுகிற இடம் பத்தாய அறை. பத்தாயம் என்றால் நெல் கொட்டிவைக்கிற மரப்பெட்டி. எங்கள் வீட்டுப் பத்தாயம் ஆள் உயரம். அதன் மேல்பலகையில் இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காற்று வராது, வெளிச்சம் வராது. வாடைக்காலத்தில் பச்சைப்பிள்ளைக்கும் பெற்றவளுக்கும் அதுதான் நல்ல இடம் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். நானும் அண்ணனும் அங்கேதான் பிறந்தோம்.

தீட்டு இருக்கும்போது நெல்லைத் தொடக்கூடாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வலி கண்டவுடனே பதினாறு நாளைக்கு வேண்டிய நெல்லை அளந்து வெளியே எடுத்துவைத்துவிட்டுப் பத்தாயத்தைப் பூட்டிவிடுவார்கள். பதினாறு கழிந்து, வீடு மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் திறப்பு. பூட்டிய பலகைக்குள் தீட்டுப் போகாது என்று அவர்கள் நினைப்பு. தீட்டுப் போகாது, சரி. பதினாறு நாள் யாரும் திறந்து பார்க்காத நெல்லில் வேறு என்னென்ன போகும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அது மட்டுமா. குளிர்காற்று வரக்கூடாது என்று ஜன்னலில் பழந்துணியைத் திணித்து வைத்திருந்தாள் மைனி. பேறுகால மருந்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் கிண்டியது, கட்டிலுக்கு அடியில் சட்டியில் இருந்தது. பிறத்தியார் கண்ணில் அது படக்கூடாதாம். பச்சைப்பிள்ளை இருக்கிற இடத்தில் பூனை வரக்கூடாது என்று வீட்டுப் பூனையை விறகுக்கட்டையால் அடித்துத் துரத்தினாள். தீனி வைத்து, மெத்தை போட்டு, காவலையும் விரட்டியாயிற்று. எலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்பதாம் நாள் விடியற்காலை பிள்ளை வீறிட்டாள். பசி அழுகை இல்லை, வேறு அழுகை. துணியை விலக்கினேன். குதிகாலில் ரத்தம். இரண்டு பல் பதிந்திருந்தது. மைனி ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கண்ணேறுதான். நேத்து மேலத்தெருக்காரி வந்து பிள்ள கொள்ளாமே, நல்ல அழகுன்னு நாலு தரம் சொன்னா. அப்பமே நெனச்சேன்.”

“கண்ணேறுக்குப் பல்லு உண்டா மைனி? இங்க பாருங்க. ரெண்டு பல்லு.”

“சும்மா பேசாத. மொளகா சுத்திப் போடுகேன்.”

“சுத்திப் போடுங்க. அந்த மொளகாயையும் எலிதான் திங்கும்.”

அண்ணன் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தான். “வயலெலிதான். மழை விட்டு வெறிச்சா அதுவே போயிரும்ட்டி.”

“எலி போவும்ணே. அதுக்கு மொதல்ல பிள்ள போயிரும்” என்றேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும். சொல்ல வேண்டியதுதானே.

அன்று மத்தியானம் காய்ச்சல் கண்டது. குதிகால் சிவந்து வீங்கியது. வைத்தியர் வந்து மருந்து உரசிக் கொடுத்தார், மஞ்சள் பற்றுப் போட்டார். இரண்டு நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் வழிந்துவிடும். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மைனியும் எதிரே அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள், சாப்பிடாமல். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை வாய் திறந்து இழுத்துக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

முற்றத்தில் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து, நெய்யாற்றங்கரையைக் கேரளத்துப் பக்கம் விட்டது சரியா தப்பா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாசமாக அதே பேச்சு. அறைக்குள்ளிருந்தே கத்தினேன்.

“எல்லை எங்க போவுதுன்னு பேசினது போதும்ணே. நம்ம பின்சுவத்துல எல்லை இல்லாம கெடக்கு. வந்து அடை.”

ஒருத்தர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். “ஓய், மெட்ராஸ்காரன வர விட்டீரு. எலிய விடப்பிடாதா?”

“எலி பிறந்த பிள்ளைய கடிச்சிருக்கு. சிரிக்கதுக்கு ஒண்ணுமில்ல” என்றேன். சிரிப்பு நின்றது. அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று முழுக்க நான் கட்டிலில் இருந்தபடி சொல்லச்சொல்ல வேலை நடந்தது. ஓட்டுமேல் உரசிக்கொண்டிருந்த தென்னை ஓலைகளை வெட்டித் தள்ளினார்கள். பின்சுவரில் வெளிப்பக்கம் ஏழு பொந்து. ஒவ்வொன்றிலும் உடைந்த குப்பிச் சில்லைத் திணித்து, மேலே மணலும் சுண்ணாம்பும் கலந்து பூசினான் அண்ணன். சுண்ணாம்பு இறுகட்டும் என்று கருப்பட்டித் தண்ணீர் கலக்கப் போனான். கலக்கவிடவில்லை. எலிக்குப் பலகாரமா செய்கிறோம்? தண்ணீர் போகிற ஓவில் பழைய சல்லடையின் கம்பி வலையை மடித்துச் செருகினோம். கட்டில் கால் நான்குக்கும் அடியில் தேங்காய்ச் சிரட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றி, எறும்பு நீந்தி வராதபடி ரெண்டு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டேன். மருந்துச் சட்டியை அடுக்களைக்கு அனுப்பினேன். ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடிக்கச் சொன்னேன். அறைக்குள்ளே கண்ணில் பட்ட பொந்துகளை நானே எழுந்து அடைத்தேன். மைனிக்குப் பொறுக்கவில்லை.

“பன்னெண்டாம் நாளு சுண்ணாம்புல கைய வைக்குதியே. சன்னி வந்துரும்ட்டி.”

“சன்னி வந்தா எனக்கு. எலி வந்தா பிள்ளைக்கு. தள்ளுங்க.”

பத்தாயத்துக்குப் பின்னால் மட்டும் கை போகவில்லை. சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வெளியேதான் பூசியாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முழுக்கச் சத்தமே இல்லை. எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. “இனி ஒரு சுண்டெலி வரட்டும், பாப்போம்” என்றேன். “ஒன் வாய்க்குப் பயந்தே வராது” என்றாள் மைனி.

பதினாலாம் நாள் உச்சிப்பொழுது. பிள்ளை பெற்றவளுக்கு இலை போட்டு அவித்த வேதுத் தண்ணீரில்தான் குளியல். அதற்காகப் பின்கட்டுக்குப் போயிருந்தேன். மைனி பிள்ளைக்குக் காவல். அறையில் குளிருக்கு வைத்திருந்த தணல் சட்டி அவிந்துவிட்டது என்று அடுப்படிக்கு எழுந்து போயிருக்கிறாள். நாலு எட்டுத்தான். அதற்குள் அழுகை. ஈரத்தலையோடு ஓடினேன். வலது கை மோதிரவிரலின் நுனி பிய்ந்து ரத்தம் வழிந்தது. மைனி கையில் தணல் கரண்டியோடு வாசலில் அப்படியே நின்றாள்.

நான் அவளைத் திட்டினேன். என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. பிள்ளை பெறாதவளைப் பார்த்து என்ன சொல்லக்கூடாதோ அதைச் சொன்னேன்.

விரலில் மஞ்சளை அப்பித் துணி சுற்றிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பொந்துகளைப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. சுண்ணாம்பு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஓவு வலை கலையவில்லை. ஜன்னல் பலகை அப்படியே இருந்தது. எலி எந்த வழியாக வந்தது? பத்தாயத்தின் மேல்பலகையில் புதுப் புழுக்கை கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலி வரவில்லை. போகவே இல்லை. பத்தாயத்துக்குள்ளே குடியிருந்தது. சுவரிடுக்கில் ஏறி, மேல்பலகையிலிருந்து கட்டிலுக்குக் குதித்திருக்கிறது. தின்ன நெல் உண்டு. குடிக்க மட்டும் வயலுக்குப் போய்வந்திருக்கிறது. அந்த வழியை நான் குப்பிச் சில்லு வைத்து அடைத்தேன். அறைக்குள் இருந்த தண்ணீர் சிரட்டைத் தண்ணீர்; அதில் மண்ணெண்ணெய் விட்டிருந்தேன். மிச்சம் இருந்த ஈரம், பால் நனைந்த என் பிள்ளையின் விரல்.

எலியை உள்ளே வைத்து, என் பிள்ளையையும் உள்ளே வைத்து, நானே அடைத்தேன். கெட்டிக்காரி.

“மைனி, பத்தாயச் சாவியத் தாங்க.”

சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டாள். “இன்னும் ரெண்டு நாளு. பதினாறு கழியட்டும்.”

“ரெண்டு நாள்ல பிள்ளைக்கு வெரலு மிஞ்சாது.”

“தீட்டோட நெல்லத் தொட்டா குடும்பத்துக்கு ஆகாது. நான் மடியிலயே வச்சுக்கிட்டு முழிச்சிருக்கேன். கண்ண இமைக்க மாட்டேன். பத்தாயத்த மட்டும் தொடாத.”

“எத்தன நாளு முழிப்பீங்க?”

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே முன் அறைக்குப் போனேன். சாமி விளக்கு இருக்கிற இடம். பதினாறு கழியாதவள் அங்கே கால் வைக்கக்கூடாது. விளக்குக்கு நாலடி தள்ளிப் பாயை விரித்துப் பிள்ளையைப் போட்டேன்.

“கோட்டியா பிடிச்சிருக்கு ஒனக்கு? வெளக்கு இருக்குட்டி” என்று ஓடி வந்தாள் மைனி.

“இருக்கட்டும். நல்ல வெளிச்சம். எலி வராது.”

அண்ணன் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்தான். என்னைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், பிள்ளையின் விரல் துணியைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன். பொந்தை அடைத்தது என் தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். “பத்தாயத்த அடிவர காலி செய்யணும்ணே. இப்பமே.”

அடிவரை என்றதும் அவனுக்கும் தயக்கம். எங்கள் வீட்டில் பத்தாயத்தை அடிவரை வழித்தெடுக்கிற வழக்கம் கிடையாது. ஒரு மரக்கால் நெல்லாவது எப்போதும் கிடக்க வேண்டும். அதன் அடிப்பலகையை நான் பிறந்ததிலிருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளை அந்த நேரம் பார்த்துத் தூக்கத்தில் விம்மினாள். அவன் மைனியிடம் கையை நீட்டினான்.

“தா.”

“அதுல நெல்லு மட்டும் இல்ல” என்றாள் மைனி. சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெளியே தூறல். நெல்லை முற்றத்தில் கொட்ட வழியில்லை. அடுத்த வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஓலைக்கடவத்தில் அள்ளி அள்ளி முன் அறையில் பாய் விரித்துக் கொட்டினார்கள். என் பாயைச் சுற்றி நெல் குவிந்தது. தீட்டும் நெல்லும் ஒரே அறையில் கிடந்தன. வீடு இடிந்து விழவில்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் அடி தெரிந்தது. பின்பலகையின் கீழ்மூலை ஈரத்தில் உளுத்து, கை நுழைகிற அளவுக்குத் துளை. அதற்கு நேரே சுவரில் பொந்து. இரண்டு பெரிய எலி பாய்ந்தது. ஒன்றை அண்ணன் உலக்கையால் அடித்தான். இன்னொன்று அடுக்களை வழியாக ஓடியது. அங்கே மைனி துரத்திய பூனை காத்துக்கொண்டிருந்தது. மூலையில் மயிர் முளைக்காத குட்டி ஆறு. குட்டிகளைச் சுற்றிப் பஞ்சு மாதிரிக் கடித்துக் குதறிய துணி. நீலப்பூப் போட்ட துணி.

என் பிள்ளையின் துணி என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு நீலப்பூத் துணி கிடையாது. அண்ணன் இன்னும் உள்ளே கைவிட்டு ஒரு சின்ன ஓலைப்பெட்டியை எடுத்தான். ஒரு பக்கம் முழுக்க எலி கரும்பித் தின்றிருந்தது. உள்ளே கைக்குழந்தைச் சட்டைகள். நாலு சட்டை கந்தல். இரண்டு முழுசாக இருந்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது. மைனி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. “நெல்லுக்குள்ள துணி வைப்பாளா ஒரு பொம்பள?” என்றேன்.

“வேற எங்க வைக்கச் சொல்லுக?” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “டிரங்குப் பெட்டில வச்சா ஒங்க அண்ணன் பாப்பாரு. பரண்ல வச்சா வாறவ போறவ பாப்பா. இதுக்க அடிய ஆரும் பாக்கமாட்டாங்கல்லா.”

அண்ணன் கால் கழுவப் போகிறேன் என்று வெளியே போனான். கால் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

நெல்லுக்குள் துணி வைத்தது தப்புத்தான். இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அன்று மத்தியானம் நான் அவளிடம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அதையும் அப்போதே சொன்னேன். “மத்தியானம் நான் பேசினது பேச்சே இல்ல மைனி.” அவள், “சவத்த விடு. பிள்ளைக்குப் பசிக்கும், எடுத்துக் குடு” என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாம் கடிக்குக் காய்ச்சல் வரவில்லை. வரும் வரும் என்று மூன்று நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் பத்தாயத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்திச் செங்கல்மேல் ஏற்றி வைத்தோம், பின்னால் பூனை போய்வரத் தோதாக. உளுத்த பலகைக்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகரம் அடித்தோம். அறைக்குள் இருந்த பொந்தை அதன் பிறகுதான் அடைத்தோம். வரிசை இதுதான்: முதலில் உள்ளே இருப்பதை வெளியேற்று, பிறகு அடை. ஒருத்தர் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிவருகிறேன். ஒருத்தரும் கேட்பதில்லை. முதலில் அடைத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

முழுசாக இருந்த இரண்டு சட்டையையும் கேட்டேன். மைனி தரமாட்டேன் என்றாள்.

“எலி மோந்த துணி.”

“கொதிக்க வச்சா அந்த மோப்பம் போவும். சும்மா கெடந்தா மறுபடியும் எலிதான் உடுத்தும்.”

மறுநாள் அவளே பானையில் போட்டுக் கொதிக்கவைத்து, தணலுக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட்டாள்.

இருபத்தெட்டாம் நாள் பிள்ளை அந்த நீலப்பூச் சட்டையோடு என் மாமியார் மடியில் கிடந்தாள். மாமியார் தையலைத் தடவிப் பார்த்தார். “இது ஆரு தச்சது மக்களே? நல்ல கை.”

“எங்க மைனி.”

பிறகு காலைப் பிடித்துப் பார்த்தார். “இது என்ன தழும்பு?”

“எலி கடிச்சது. வெரல்லயும் இருக்கு, பாருங்க.”

“எலியா? பச்சப்பிள்ளைய பாத்துக்கிட ஆளில்லியா இந்த வீட்டுல?”

மைனி தலையைக் குனிந்துகொண்டாள். “ஆளு இருந்தது” என்றேன். “பத்தாயத்துல எலி இருக்கான்னு பாக்காம பொந்த அடச்சது நான். தப்பு என்மேல.” மாமியார் பிள்ளையின் காலைத் துணியால் மூடினார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

தையில் மார்த்தாண்டத்துக்குப் பிள்ளையோடு போனேன். மாமியார் ஆலாத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போய், உள்ளறையில் தொட்டில் கட்டி வைத்திருந்ததைப் பெருமையாகக் காட்டினார். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே அவர்கள் வீட்டுப் பத்தாயம் இருந்தது. காற்றுப் புகாத அறை, பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கும் என்றார்.

நான் பிள்ளையைத் தொட்டிலில் போடவில்லை. இடுப்பில் வைத்தபடியே போய்ப் பத்தாயத்தின் பலகையில் கையால் ரெண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே ஏதோ ஓடியது.

“சாவி எங்க இருக்கு?” என்றேன்.